பெட்ரோல் திரும்பிப் போகிற குழாய்

ஜூன் 9, திங்கள்

சாலை என்று பேர் கொண்ட எங்கள் கடைவீதியில், மழைக்கு முழங்கால் வரை நின்ற தண்ணீர் வடிந்துவிட்டது. எங்கள் வண்டிக்குள் புகுந்த தண்ணீர்தான் வடிந்த மாதிரி தெரியவில்லை. கடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்த குட்டி லாரி சாவியைத் திருப்பினால் விளக்கெல்லாம் எரிகிறது, எஞ்சின் மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. இவர் காலையிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். எனக்குப் பிரசவ வலி வந்தபோதுகூட இவ்வளவு சுற்றியதில்லை.

இவர் என்றால் பிச்சைக்கனி, என் வீட்டுக்காரர். கீழே கடை, மேலே வீடு. மல்லி, மிளகாய், சீரகம், பெருங்காயம் மொத்த வியாபாரம். பெண் கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள், ஆகவே வீட்டில் நாங்கள் இருவரும் மசாலா வாடையும்தான். கடைவீதியில் இவர் மூக்குக்கு இருக்கிற மதிப்பு இவருக்கே கிடையாது. ஒரு பிடி மல்லியை முகர்ந்துவிட்டு எந்தச் சீமைச் சரக்கு, மழையில் நனைந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். "அண்ணாச்சி மோந்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற கடைக்காரர்கள் விலை பேசுவார்கள்.

இன்னொரு விஷயம். வெளியே சொல்லக் கூச்சம், அதனால் இங்கே.

கொஞ்ச மாதமாக இவர் என்னை அடிக்கடி கடைக்குக் கூப்பிடுகிறார். "ஏட்டி வேணி, சும்மா கீழ வந்து நில்லு." என்ன வேலை என்றால் ஒன்றுமில்லை. போய் நின்றால், ஒரு பிடி சரக்கைத் தானும் முகர்ந்து, என் மூக்குப் பக்கமும் நீட்டிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பார்த்ததில்லை. அப்போது மோட்டுவளையைத்தான் பார்ப்பார்.

ஐம்பத்திரண்டு வயதில் கிருஷ்ணவேணிக்கு வந்த வாழ்வு!

ஜூன் 10, செவ்வாய்

ஒரு பவுடர் டப்பா வாங்கினேன். மல்லிகை வாசம். விலையைக் கேட்டால் இவர் மயங்கி விழுவார், ஆகவே சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

புதுப் பவுடருடன் கடைக்குப் போனேன். மல்லி மூட்டை வந்திருந்தது. வழக்கம்போல் ஒரு பிடியை நீட்டினார், வழக்கம்போல் பார்த்தார். நானும் நன்றாகச் சிரித்தபடி நின்றேன். சினிமா நடிகை மாதிரி தலையைக் கொஞ்சம் சாய்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இவர் முகம் மலர்ந்து, "எல்லா மூட்டையும் எறக்குலே" என்று ஆளுக்குக் குரல் கொடுத்தார்.

பக்கத்துக் கடை செல்வகணேஷ் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மைனி, இன்னிக்கி விசேஷமா?" என்றார். அவருக்கு எதையும் பார்க்காமல் இருக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போகிறது.

ஜூன் 12, வியாழன்

பிரஜின் வந்தான். பாறசாலைக்காரன், தமிழில் பாதி மலையாளம் கலந்து பேசுவான், கிள்ளிப்பாலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனாலும் ஓட்டைப் பாத்திரத்தில் காசு போட்ட மாதிரி சிரிப்பான்.

சீட்டைத் தூக்கினால் எஞ்சின். அதற்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி. அதுதான் வண்டியின் மூளையாம். எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டும் என்று கணக்குச் சொல்லும் கம்ப்யூட்டர். அதைத் திறந்தான். உள்ளேயிருந்து ஓடைத் தண்ணீர் ஒழுகியது, கூடவே ஒரு சின்ன மண்புழு.

"அண்ணாச்சி, இது தீந்துது. இந்த மாடல் நின்னுபோச்சு, புதுசு கிட்டாது."

"வேற வழி?"

"பழைய கார்புரேட்டர் ஒண்ணு மாட்டலாம். இதே எஞ்சின்தான், பழைய வண்டியில அதுதான் இருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கணும், பொகை டெஸ்ட் பாக்கணும். பாக்கி எல்லாம் ஞான் பாத்துக்கலாம்."

இவர் உடனே தலையாட்டினார். கம்ப்யூட்டர் வைத்த வண்டியே வேண்டாம், கண்ணால் பார்த்துக் கையால் திருத்துகிற வண்டிதான் வேண்டும் என்றார். சனிக்கிழமைதோறும் மலைமேல் இருக்கிற போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு அரிசியும் சாமானும் கொண்டு போவது இவர்தான். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற கொஞ்சம் குடும்பங்கள் இந்த வண்டியை நம்பி இருக்கின்றன. போன வாரம் போகவில்லை. அதுதான் இவரை அரிக்கிறது.

"கார்புரேட்டர் வண்டிக்கு மீட்டர் ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. லீக்கோ, ஓவர்ஃப்ளோவோ, மூக்கே சொல்லிரும். அண்ணாச்சி மூக்குக்கு இது பொருத்தமான வண்டி அல்லே!"

இவர் சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

ஜூன் 15, ஞாயிறு

பிரஜின் சர்ச் முடிந்து நேராக இங்கே வந்தான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி எங்கள் கொடியில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினான். பழைய இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்த கார்புரேட்டரை நான் மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தேன். வெண்கலக் குத்துவிளக்கின் பேரன் மாதிரி இருந்தது. மாட்டியாகிவிட்டது.

சண்டை பெட்ரோல் குழாயில் வந்தது.

பிரஜின் விளக்கியது இது. இந்த வண்டியின் பெட்ரோல் பம்பு டாங்குக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது. அது பீய்ச்சுவதற்கென்று செய்த பம்பு, பயங்கர வேகத்தில் தள்ளும். கார்புரேட்டர் சாதுவான பிராணி. அதற்குள் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் ஒரு மிதவை, மிதவை தூக்கினால் அடைத்துக்கொள்ளும் ஒரு சின்ன ஊசி. மெல்லத் தந்தால் வாங்கிக்கொள்ளும், வேகமாகத் தள்ளினால் ஊசி தோற்றுப்போய்க் கிண்ணம் வழியும். டாங்கை இறக்கிப் பம்பை எடுத்துவிடுவதுதான் முறை. ஆனால் இவனுக்கு டாங்கை இறக்கச் சோம்பல். நடுவில் ஒரு ரெகுலேட்டர் வைத்தால் போதுமாம். தேவைக்கு மேல் வருகிற பெட்ரோலை அது இன்னொரு குழாய் வழியாக டாங்குக்கே திருப்பி அனுப்பிவிடும்.

இந்தத் "திருப்பி" என்ற சொல்லில் இவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"காசு குடுத்து வாங்குன பெட்ரோலு. டாங்குல இருந்து எஞ்சின் வரைக்கும் வந்தது, எதுக்குத் திரும்பிப் போகணும்?"

"அண்ணாச்சி, அது அதிகமுள்ளது..."

"சாலையில எறக்குன சரக்கு திரும்பிப் போற வழக்கமே கெடையாது, தெரியுமாலே?"

உண்மைதான். எங்கள் கடைப் பலகையிலேயே எழுதியிருக்கிறது: விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது. மாமனார் காலத்துப் பலகை. பிரஜின் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். பம்பு அங்கேயே கிடக்கட்டும், ரெகுலேட்டர் வைத்தாயிற்று, திருப்புகிற குழாயை அடுத்த வாரம் வந்து தானே மாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜூன் 17, செவ்வாய்

விற்ற சரக்கு திரும்பி வந்தது!

ஜெயலக்ஷ்மி மாமி கிழக்கேகோட்டையிலிருந்து ஆட்டோவில் மல்லி மூட்டையோடு வந்து இறங்கினாள். அக்ரகாரத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் சமையல் மாமிதான். எங்கள் கடையைத் தவிர வேறெங்கும் படியேறாதவள்.

"என்னடி வேணி, உன் ஆத்துக்காரருக்கு என்ன ஆச்சு? பூசணம் பிடிச்ச மல்லியாக்கும் தந்திருக்கார். வறுத்தேன், வீடு முழுக்க ஈரச்சாக்கு நாத்தம். இவர் மூக்கை நம்பித்தானே நான் முகராமக் கொண்டுபோறது?"

இவர் ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். ரொம்ப நேரம் முகர்ந்தார். பிறகு, பலகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், மூட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முகம் சாம்பலாகிவிட்டது. சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மாமி போன பிறகு நான் முகர்ந்து பார்த்தேன். பூசணம்தான். சின்னக் குழந்தைகூடச் சொல்லும்.

செல்வகணேஷ் கடைவீதி முழுக்கச் சொல்லியிருப்பார் இந்நேரம்.

ஜூன் 22, ஞாயிறு

எழுதினால் மனசு அடங்கும் என்று எழுதுகிறேன்.

பிரஜின் இன்று வரவில்லை. அவன் அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம். திருப்புகிற குழாயைத் தொட வேண்டாம், அடுத்த ஞாயிறு வந்து மாட்டுகிறேன் என்று போனில் சொல்லியிருந்தான். இவர் தொட்டிருக்கிறார். குழாயின் வாயில் ஒரு போல்ட்டைச் சொருகி, கிளிப் போட்டு இறுக்கி — அடைத்தே விட்டிருக்கிறார். வந்தது திரும்பிப் போகக் கூடாதாம்.

வண்டியைக் கிளப்பிவிட்டு, "வேணி! ஓடுது பாரு! கீழ வா!" என்று கத்தினார். நல்ல சந்தோஷக் குரல். ரொம்ப நாளாகக் கேட்காத குரல். நானும் ஈரக் கையோடு ஓடினேன்.

மாடிப்படி பாதியிலேயே வாடை மூஞ்சியில் அறைந்தது. பெட்ரோல். கண் எரிகிற அளவுக்குப் பெட்ரோல்.

சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு இவர் அதன் மேலேயே குனிந்து நிற்கிறார். கார்புரேட்டர் விளிம்பு வழிகிறது. சூடான இரும்பில் விழுந்து ஆவியாகிறது. தரையெல்லாம் பளபளக்கிறது. இவர் சட்டைக் கை நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. டயருக்கடியில் எலுமிச்சம்பழம், முன்னால் சந்தனப் பொட்டு, எல்லாம் முறையாக. இடது கையில் தட்டில் சூடம். வலது கையில் —

தீக்குச்சி. பெட்டி விளிம்பில் உரச வைத்துவிட்டார். புது எஞ்சினுக்குச் சூடம் சுற்ற.

என்ன கத்தினேன் என்று தெரியாது. தட்டையும் பெட்டியையும் சேர்த்துத் தட்டிவிட்டேன். சாவியைத் திருப்பினேன். பம்பு நின்றது. இவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தெருவுக்குக் கொண்டு வந்தேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு பலம்? இவர் எடை எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமையும் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த செல்வகணேஷ் ஓடி வந்தார். "அண்ணாச்சி! என்ன நாத்தம் இது! எங்க கடை உள்ள வரைக்கும் அடிக்கி!" மண்ணை அள்ளிக் கொட்டியது அவர்தான். நல்ல மனுஷர்.

இவர் கேட்டார்: "பெட்ரோல் வண்டியில பெட்ரோல் வாசம் வராம, பன்னீர் வாசமா வரும்?"

அதைச் சொல்லும்போது இவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 23, திங்கள்

தூங்கவில்லை. இவர் குனிந்து நின்ற இடத்தில் நான் ஒரு நிமிஷம்கூட நின்றிருக்க முடியாது. இவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

மாமியின் மல்லி. ரொம்ப நேரம் முகர்ந்தது. போன மாதம் பால் கருகி அடுப்படி புகைந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தது.

கேட்டால் சொல்ல மாட்டார். எனக்கு இவரைத் தெரியும். நான் என் வழியில்தான் கேட்க வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

நெத்திலிக் கருவாடு வாங்கினேன். நல்ல முற்றிய கருவாடு. விற்றவளே மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் கட்டிக் கொடுத்தாள். மத்தியானம் இவர் சாப்பிட்டு வந்து படுப்பதற்கு முன்னால், பொட்டலத்தைப் பிரித்துத் தலையணை உறைக்குள் வைத்துவிட்டேன்.

படுத்தார். புரண்டார். கன்னத்தைக் கருவாட்டின் மேலேயே வைத்துக்கொண்டு குறட்டை விட ஆரம்பித்தார்.

நான் கூடத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் செல்வகணேஷ் கடைப் பூனை ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. பிறகு அதன் சிநேகிதி ஒன்று. இரண்டும் இவரை என் மாமியார் பார்த்த மாதிரி ஆசையோடு பார்த்தன.

இவர் எழுந்து சோம்பல் முறித்தார். "நல்ல ஒறக்கம். ஏட்டி, இந்தப் பூனைங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கு?"

சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன், எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. இவர் தலையணையைத் தூக்கிப் பார்த்தார். கருவாட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 25, புதன்

நேற்று பேசினோம். கடையைச் சாயங்காலம் திறக்கவில்லை.

"எப்ப இருந்து?"

"மார்கழியில காய்ச்சல் வந்துச்சுல்லா. அதோட போச்சு. வெறும் காத்துதான் வருது. பெருங்காயமும் ஒண்ணுதான், பச்சத் தண்ணியும் ஒண்ணுதான்."

"எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"என்னன்னு சொல்ல? மல்லிக்காரனுக்கு மூக்கு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா எவன் வருவான்? அப்பா கட்டுன கட. நாளைக்கே பூட்டிற வேண்டியதுதான்."

"அப்ப இத்தன மாசமா எப்படி வாங்குனிய?"

கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன் மூஞ்சியப் பாத்துதான்."

எனக்குப் புரியவில்லை.

"சரக்க நீட்டுவேன்லா? நல்லதுன்னா ஒன் புருவம் ஏறும். பழசுன்னா ஒதடு ஒரு பக்கமாப் போவும். பூசணம்னா மூக்கு நுனி சுருங்கும், ஒனக்கே தெரியாது. ஒருதடவ கூடத் தப்புனதில்ல. அந்த மாமி மல்லியிலதான் தப்பிருச்சு. அன்னைக்கு நீ எதுக்கு வந்ததுல இருந்து சிரிச்சிக்கிட்டே நின்னே? மல்லி அவ்வளவு நல்லாருக்கு போலன்னு எல்லா மூட்டையும் எறக்கிட்டேன்."

ஆக, மாமியின் வீட்டை ஈரச்சாக்கு நாற்றத்தில் மூழ்கடித்தது என் மல்லிகைப் பவுடர். அந்த வாசத்தில் எனக்கும் மல்லி மணக்கவில்லை, நான் இளித்த இளிப்பில் இவருக்கும் வழி தெரியவில்லை. இதைச் செல்வகணேஷிடம் சொன்னால் ஒரு வருஷத்துக்கு வேறு சிரிப்பு வேண்டாம்.

முதலில் அவமானமாக இருந்தது. காதல் என்று நினைத்தேனே, மல்லி பார்த்திருக்கிறார்! நான் ஒரு தராசு, அவ்வளவுதானா?

பிறகு இருட்டில் படுத்திருக்கும்போது யோசித்தேன். என் மூக்கு நுனி சுருங்கும் என்று எனக்கே தெரியாது. கண்ணாடிக்குத் தெரியாது. என்னைப் பெற்றவள் சொன்னதில்லை. இவருக்குத் தெரியும்.

ஜூன் 26, வியாழன்

பவுடர் டப்பாவைப் பரண்மேல் போட்டேன். விலையைச் சொன்னேன். மயங்கி விழவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

பிரஜினிடம் நான் கறாராகச் சொன்னேன்: டாங்கை இறக்காமல் உனக்குச் சோறு கிடையாது. வீட்டில் கோழிக் குழம்பு. இறக்கினான்.

உள்ளே கிடந்த வேகக்காரப் பம்பு வெளியே வந்தது. அது இருந்த இடத்தில் வெறும் குழாய் ஒன்று, பெட்ரோலுக்குள் முங்கியிருக்கிறது. டாங்குக்கு வெளியே, தாழ்வாக, பக்கத்திலேயே ஒரு சின்னப் பம்பு. இது மெல்லத்தான் தள்ளும், கார்புரேட்டர் ஊசிக்குத் தாங்கும். தூரத்திலிருந்து இழுக்க இதற்குத் தெம்பு கிடையாது, கிட்ட இருந்து தள்ளத்தான் தெரியும். அதனால்தான் தாழ்வாக, டாங்கோடு ஒட்டி வைப்பதாம். பம்புக்கு முன்னால் ஒரு வடிகட்டி. திருப்புகிற குழாய் இப்போது அடைப்பில்லாமல் டாங்கின் மேல்பக்கம் போய்ச் சேருகிறது. ஏற்றத்தில் எஞ்சின் கொதித்தால் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் சிக்கிக்கொள்ளுமாம், அது வெளியேறவும் இந்த வழிதான்.

அந்தக் குழாயை இவரே கையால் மாட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி, சொன்னேன். "பலகையையும் அழிச்சு எழுதிறலாமா?" என்றேன். ஸ்பானரைக் காட்டினார்.

"இன்னொண்ணு வேணும் பிரஜின். வண்டி ஓடாம நின்னா, சாவி போட்டிருந்தாலும் பம்பு நிக்கணும்."

பிரஜின் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "சேச்சி, இது யார் சொல்லித் தந்தது? பண்டு அந்தக் கம்ப்யூட்டர்தான் நிறுத்தும். இப்ப அது இல்ல. ஆயில் பிரஷர்ல ஒரு ஸ்விட்ச் உண்டு, எஞ்சின் நின்னா பம்பு தன்னால நிக்கும். வெச்சுத் தரேன்."

யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு வாரமாகக் கண்ணை மூடினால் தீக்குச்சிதான். வேறெதை யோசிப்பேன்?

கிளப்பினான். பட்டு மாதிரி ஓடியது. "மணம் உண்டா பாருங்க அண்ணாச்சி," என்றான். இவர் குனிந்தார், நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார். நான் குனிந்து முகர்ந்தேன். "ஒண்ணுமில்ல."

"அண்ணாச்சிக்குப் பனியா, காய்ச்சலா?"

"ஆமா, ஜலதோசம்," என்றார் இவர், சட்டென்று.

சாப்பிடும்போது என் காதில் சொன்னார்: "அவன்கிட்டச் சொல்லிறாத. யார்கிட்டயும்."

கடித்த கோழி எலும்பைத் தட்டில் வைத்துவிட்டேன். எத்தனை நாளைக்கு நான் பக்கத்தில் நின்று முகம் காட்டுவது? மலையேறும் வண்டியில் நான் இல்லாத அன்றைக்கு யார் முகர்ந்து சொல்வது?

ஜூலை 2, புதன்

மூக்கு டாக்டரம்மாவிடம் போனோம். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், பொறுமை வேண்டும் என்றார். தினமும் காலையும் மாலையும் நாலு வாசனையை ஒவ்வொன்றாக முகர்ந்து, பழைய மணத்தை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டுமாம். எலுமிச்சை, ரோஜா, யூக்கலிப்டஸ் தைலம், அப்புறம் கிராம்பு.

"கிராம்பு கிடைக்குமல்லோ?" என்று கேட்டார் டாக்டரம்மா.

இவர் ரொம்ப மரியாதையாக, "பாக்கணும் மேடம்," என்றார். கிராம்பு மொத்த வியாபாரி!

படியிறங்கும்போது இருவரும் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் கிராம்பு டப்பாவை மூக்கில் வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "ஏதாவது தெரியுதா?" என்றேன்.

"எங்க அம்ம பல்வலிக்கு வச்சுவிட்டது ஞாபகம் வருது. மணம் வரல."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் முகர்ந்தேன். எனக்கு மணம் வந்தது, ஞாபகம் ஒன்றும் வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழுக் கிராம்பு.

ஜூலை 7, திங்கள்

விருதுநகரிலிருந்து மல்லி ஏஜெண்டு மூட்டைகளோடு வந்திருந்தார். அதே நேரத்தில் ஜெயலக்ஷ்மி மாமி, நாத்தனார் பேத்தி கல்யாணத்துக்கு மொத்தச் சாமானும் வாங்க. வாசலில் செல்வகணேஷ், வழக்கம்போல், வேறெதையோ தேடுகிற பாவனையில்.

ஏஜெண்டு மூட்டையைக் குத்தி ஒரு பிடி எடுத்து இவர் உள்ளங்கையில் கொட்டினார். இவர் கை பழக்கத்தில் மூக்குக்குப் போனது. எல்லாரும் அந்த மூக்கையே பார்க்கிறார்கள். இவர் என் பக்கம் திரும்பினார்.

"போன தடவையும் இப்படித்தானே முகர்ந்து பாத்துத் தந்தேள்?" என்றாள் மாமி.

நான் என் முகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். புருவத்தையா, மூக்கு நுனியையா, எதை அசைப்பது? தெரிந்து செய்ய வரவே இல்லை. முழிக்கிறேன்.

இவர் கையை இறக்கினார்.

"மாமி, எனக்கு மணம் தெரியாது. மார்கழிக் காய்ச்சல்ல போயிருச்சு. அன்னைக்கு உங்களுக்குத் தந்தது தெரியாமத் தந்தது."

செல்வகணேஷ் தேடுவதை நிறுத்திவிட்டார். ஏஜெண்டின் கண்ணில் ஒரு கணக்கு ஓடியதைப் பார்த்தேன். போயிற்று, மாமனார் கட்டின கடை, எல்லாம்.

மாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இதுக்கா இப்படி முழிக்கறேள்? நைவேத்யத்துக்குப் பண்றச்சே நாங்க ருசி பாக்கறதே கிடையாது, கேட்டேளா? உப்பு, புளி, உறைப்பு ஒண்ணும் நாக்குல வைக்கப்படாது. நாப்பது வருஷமாப் பண்ணறேன். யாராவது குறை சொல்லியிருக்காளா? கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியும். இல்லேன்னா கூட இருக்கறவாளுக்குத் தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பி, "உன் மூக்கு நன்னா இருக்கோ இல்லியோ? என்னடி நிக்கறே? பாரு."

இவர் மல்லியை என் கையில் கொட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. "சொல்லுட்டி," என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

முகர்ந்தேன். மேல் மூட்டை நல்ல சரக்கு. அடியில் இருக்கிற மூட்டையையும் குத்தச் சொன்னேன். அதில் ஈரம். சொன்னேன். ஏஜெண்டு முகம் போன போக்கை எழுத இந்தப் பக்கம் போதாது.

மாமி எல்லாச் சாமானும் எங்களிடமே எடுத்தாள். ஒவ்வொன்றையும் தானும் முகர்ந்து பார்த்துத்தான் எடுத்தாள். அது நியாயம்தான்.

ஜூலை 12, சனி

புகை டெஸ்ட், ஆர்.டி.ஓ. காகிதம் எல்லாம் முடிந்து, இவர் இன்று போனக்காட்டுக்குத் தனியாகப் போனார். நானும் வருகிறேன் என்றேன், கடையை யார் பார்ப்பது என்றார். கிளம்பும்முன் சீட்டைத் தூக்கி நன்றாக முகர்ந்து அனுப்பினேன். சூடம் கிடையாது. எலுமிச்சம்பழம் மட்டும்.

மலையடிவாரத்து விதுரையிலிருந்து போன்.

"ஏட்டி, எறங்கிச் சீட்டத் தூக்கிப் பாத்தேன். ஏத்தத்துக்கு முன்னால ஒருதடவ பாத்துக்கணும்லா?"

"நீங்க பாத்து? எதை வச்சு?"

"டீக்கடையில நின்ன ரெண்டு பேரக் கூப்பிட்டேன். எனக்கு மூக்கு கெடையாது, பெட்ரோல் மணம் வருதான்னு கொஞ்சம் மோந்து சொல்லுங்கன்னேன். ஒருத்தர் ஒண்ணுமில்லன்னாரு. இன்னொருத்தர் சந்தேகப்பட்டு ரெண்டாம் தடவயும் தலைய உள்ள விட்டாரு. அப்புறம் டீ போடுத அம்மாவே அடுப்ப அணைச்சிட்டு வந்து பாத்தா. ஒரு கொழப்பமும் இல்ல, தைரியமாப் போங்க அண்ணான்னா. டீக்குக் காசு வாங்கல."

குரலில் பெருமை. விதுரை முழுக்க இவருக்கு மூக்கு கொடுத்திருக்கிறது.

போனை வைத்த பிறகு கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அந்த டீக்கடை அம்மா எப்படி இருப்பாள்? கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பார்.

இனி மேலே ஏறுவார், அங்கே சிக்னல் இருக்காது. சாயங்காலம் வரை சத்தமில்லை. பரவாயில்லை.

கடை வாசலில் செல்வகணேஷ் நிற்கிறார். கை மூடியிருக்கிறது, உள்ளே ஒரு பிடி சீரகம், அவர் கடைச் சரக்கு. "மைனி... சும்மா... ஒரு தடவ மோந்து..." என்று இழுக்கிறார். கூச்சப்படுகிறார். இதை எழுதி முடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் கூச்சப்படட்டும்.